ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா: அந்தத் தாள்களை எழுதியவர் பெயர் எங்கே?

வினைல்குமரன்:

கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற பெயரில் பாடிய டான் வான் வ்லீட்டும் அவருடைய மேஜிக் பேண்டும் 1969 ஜூனில் வெளியிட்ட 'ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா' பற்றிப் பேச வந்தேன். இரட்டை எல்.பி., 28 டிராக், எண்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், நாலும் நாலு தெருவில் போகிற மாதிரி இருக்கும், அதன் மேல் ஒருத்தர் அடித்தொண்டையிலிருந்து கவிதை சொல்லிக்கொண்டே போவார். கல்லூரி நாளில் ஒரு நண்பன் கொடுத்த சி.டி.யில் முதல் தடவை கேட்டபோது மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். குடித்துவிட்டு ஆளாளுக்கு வாசித்திருக்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரே ஒரு தகவல். சில டிராக்குகளை விட்டுவிட்டால், கிதாரும் பேஸும் டிரம்ஸும் வாசிக்கிற எதுவும் அந்த நேரத்தில் தோன்றியபடி வாசித்தது இல்லை. எல்லாம் முன்கூட்டியே முடிவானது, மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தது. வான் வ்லீட் பியானோ முன்னால் உட்கார்ந்து விரல் போன போக்கில் வாசிப்பார், அவருக்குப் பியானோ முறையாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தாளில் நோட்ஸாக எழுதியவர் டிரம்மர் ஜான் ஃபிரெஞ்ச், அப்போது அவருக்கு இருபது வயது. எழுதியதோடு முடியவில்லை. எந்தத் துண்டு கிதாருக்கு, எந்தத் துண்டு பேஸுக்கு, எதற்குப் பின் எது, எத்தனை முறை என்று பெரும்பாலும் அவர்தான் ஒழுங்குபடுத்தி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இவ்வளவுக்கும் பிறகு ஆல்பம் வெளிவந்தபோது உறையில் அவர் பெயர் கிடையாது. ஒழுங்கமைத்தவர் என்று போடாததைக்கூட விடுங்கள், டிரம்ஸ் வாசித்தவர் என்றுகூடப் போடவில்லை.

எனக்கு இது ஆறவே இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக 'ஒரு தனி மேதையின் படைப்பு' என்றே இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறோம். இதை ஐந்தாறு பேர் சேர்ந்து செய்தார்கள், அதில் ஒருவர் இல்லாமல் இது நடந்தே இருக்காது என்பதுதான் என் கட்சி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நள்ளிரவு_ரேடியோ:

நல்ல இழை குமரன். இந்த ஆல்பம் எப்படி வந்தது என்பதற்கு முன்கதையும் கொஞ்சம் வேண்டும்.

வான் வ்லீட்டும், பின்னாளில் ராக் இசையில் பெரிய பெயர் வாங்கிய ஃபிராங்க் ஸாப்பாவும் கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்து ஓரம் லங்காஸ்டர் என்ற ஊரில் பள்ளி நாளிலிருந்தே சிநேகிதர்கள், ஒன்றாக உட்கார்ந்து ப்ளூஸ் ரெக்கார்டு கேட்டு வளர்ந்தவர்கள். 1967-ல் மேஜிக் பேண்டின் முதல் ஆல்பம் 'சேஃப் அஸ் மில்க்' வந்தது, அதில் கிதார் வாசித்த ஒருவர் இளம் ரை கூடர். அடுத்த ஆண்டு 'ஸ்ட்ரிக்ட்லி பெர்சனல்'. அதில் தயாரிப்பாளர் பாப் க்ராஸ்னோ ஒலி சுழன்று சுழன்று வருகிற மாதிரி ஃபேஸிங் எஃபெக்ட்டை நிறையப் போட்டுவிட்டார், வான் வ்லீட் கொதித்துப்போனார். அந்த நேரத்தில்தான் ஸாப்பா தன் ஸ்ட்ரெய்ட் லேபிளுக்குக் கூப்பிட்டு, 'உனக்கு எப்படி வேண்டுமோ அப்படிச் செய், யாரும் குறுக்கே வரமாட்டார்கள்' என்கிற மாதிரி முழுச் சுதந்திரம் கொடுத்தார். ஒரு ராக் இசைக்குழுவுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாக்கு கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் லாஸ் ஏஞ்சலஸின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு சின்ன வாடகை வீடு. மொத்தக் குழுவும் அங்கேயே தங்கி, சுமார் எட்டு மாதம். பில் ஹார்க்ல்ரோட், ஜெஃப் காட்டன் இருவரும் கிதார், மார்க் பாஸ்டன் பேஸ், ஃபிரெஞ்ச் டிரம்ஸ். ஹார்க்ல்ரோடும் பாஸ்டனும் ஃபிரெஞ்சைப் போலவே இருபது வயதை ஒட்டிய பையன்கள். வான் வ்லீட்டின் உறவுக்காரர் விக்டர் ஹேடன் பேஸ் கிளாரினெட் என்ற ஊதுகருவியோடு பின்னால் சேர்ந்துகொண்டார். எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு: ஹார்க்ல்ரோட் 'ஸூட் ஹார்ன் ரோலோ', பாஸ்டன் 'ராக்கெட் மார்ட்டன்', ஃபிரெஞ்ச் 'டிரம்போ'.

கோபி_எல்பி:

எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'எல்லாம் எழுதி வாசித்தது' என்று சொல்கிறீர்கள், சரி. கேட்கிற என் காதுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு நாளாக முதல் பாட்டு 'ஃபிரௌன்லேண்ட்' மட்டும் போட்டுப் போட்டுக் கேட்டேன், ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும், ஆனால் தாளத்தின் முதல் எண்ணிக்கையான அந்த 'ஒன்று' எங்கே விழுகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. சும்மா இஷ்டத்துக்கு வாசித்தாலும் இப்படித்தானே இருக்கும்? ஒரு கதையைத் தெரிந்துகொண்டதால் பிடிக்கிறதா, இசையே பிடிக்கிறதா?

ஏழாம்தாளம்:

கோபி, நல்ல கேள்வி. காதால் கண்டுபிடிக்க முடியும், ஆனால் அந்த 'ஒன்றை'த் தேடுவதை நிறுத்த வேண்டும்.

நம் முறையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் 'தகதகிட, தகதகிட' என்று ஐந்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருங்கள், பக்கத்தில் இன்னொருவர் 'தகிடதகதிமி, தகிடதகதிமி' என்று ஏழைச் சொல்லட்டும், இருவருக்கும் நடை ஒன்றேதான். இருவரும் சேர்ந்து தொடங்கினால் மறுபடி சேர்வது முப்பத்தைந்தாவது எண்ணிக்கையைத் தாண்டியதும். நடுவில் கேட்கிறவருக்கு இரண்டு பேரும் தனித்தனி ஊரில் இருக்கிற மாதிரிதான் இருக்கும். நம் கச்சேரியில் அந்தச் சேர்கிற இடம்தான் விருந்து, கைதட்டல் அங்கேதான் விழும். வான் வ்லீட் பல பாட்டில் அந்த விருந்தையே தருவதில்லை. நீளம் வேறு வேறான சொற்றொடர்களை ஒன்றாக ஓடவிட்டு, சேர்வதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார். நீங்கள் 'ஒன்று' விழுகிற இடத்தைத் தேடித் தோற்றதற்குக் காரணம் அதுதான்.

ஹெட்ஃபோனில் ஒரு கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள், மற்றதை எல்லாம் மழைச் சத்தம் மாதிரி விட்டுவிடுங்கள். அதே சொற்றொடர் மாறாமல் திரும்பி வருவது தெரியும். அடுத்த தடவை இன்னொரு கிதார்.

இன்னும் பெரிய ஆதாரம் ஒன்று இருக்கிறது. 1999-ல் ரெவனன்ட் லேபிள் 'க்ரோ ஃபின்ஸ்' என்று ஒரு பெட்டித் தொகுப்பு வெளியிட்டது, அதில் உட்லண்ட் ஹில்ஸ் வீட்டிலேயே எடுத்த டேப்கள் இருக்கின்றன, பாட்டு இல்லாமல் வாத்தியம் மட்டும். அதையும் ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். அப்படியே இருக்கும். தடுக்கி விழுகிற மாதிரி தோன்றும் இடம் இரண்டிலும் அதே இடத்தில்தான் தடுக்கும். இஷ்டத்துக்கு வாசித்தவர்களால் அதை இன்னொரு நாள் அப்படியே திருப்பி வாசிக்க முடியாது.

மீனா_டிரம்ஸ்:

ஏழாம்தாளம் சொன்னதோடு டிரம்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் குமரனின் கேள்விக்கும் இதுதான் பதில்.

நான் பத்து வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். ஒரு ராக் பாட்டில் டிரம்மருக்கு என்ன வேலை? பேஸோடு சேர்ந்து தரையைப் போட்டுக் கொடுக்க வேண்டும், கிதார்க்காரர் எங்கே அலைந்தாலும் திரும்பி வந்து நிற்க ஒரு இடம் இருக்க வேண்டும். ஃபிரெஞ்ச் இந்த வேலையைச் செய்யவில்லை. எல்லோருடைய சொற்றொடரையும் எழுதியவர் என்பதால் யார் எப்போது எந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பது அவர் தலைக்குள் இருந்தது. ஒரு கை ஒரு கிதாரின் தாளத்தோடு போகும், கால் இன்னொருவரோடு போகும், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு அடி விழும், அது இரண்டையும் தைக்கிற தையல் மாதிரி. ஹை-ஹாட் ஜால்ராவில் நேராக எட்டு எண்ணிக்கொண்டு ஸ்நேர் டிரம்மை இரண்டிலும் நாலிலும் அடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இதை வாசிப்பது ரொம்பச் சிரமம். 'மை ஹ்யூமன் கெட்ஸ் மீ ப்ளூஸ்' பாட்டில் முதல் நாலு நொடியை மட்டும் பிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கால் ஒழுங்காக வந்தால் இடது கை ஓடிவிடும், கையைப் பிடித்தால் கால் நின்றுவிடும். சாயங்காலம் அம்மா வந்து 'அதே இடத்தையே எத்தனை தடவைடி அடிப்பே' என்று கேட்டார்.

இந்த டிரம்ஸ் பாகங்களை வான் வ்லீட் எழுதவில்லை. பியானோவில் வந்தவை கிதார், பேஸ் சொற்றொடர்கள்தான். டிரம்ஸ் பெரும்பாலும் ஃபிரெஞ்சின் சொந்த யோசனை. அப்படியிருக்க அவர் பெயரை விட்டுவிட்டு உறையை அச்சடித்தார்கள் என்றால், அதை மறதி என்று என்னால் ஏற்க முடியாது.

பாலைக்காற்று:

மறதி இல்லை. அந்த வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் அது ஏன் என்று புரியும். இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இதைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

ஹார்க்ல்ரோடும் ஃபிரெஞ்சும் பிற்காலத்தில் தனித்தனியாகப் புத்தகம் எழுதினார்கள், 1998-லும் 2010-லும். இருவர் சொல்வதும் ஒன்றுபோலவே இருக்கிறது. பையன்கள் அந்த வீட்டை விட்டு வெளியே போவதே அபூர்வம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி. கையில் காசு கிடையாது, அரசாங்க உதவித்தொகையும் வீட்டார் அனுப்புவதும்தான் வருமானம். ஒரு மாதம் முழுக்க நாளுக்கு ஒரு சின்னக் கோப்பை சோயா பீன்ஸ் மட்டும் சாப்பிட்டதாக ஃபிரெஞ்ச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை கடையில் சாப்பாட்டுப் பொருள் திருடி மாட்டிக்கொண்டார்கள், ஸாப்பாதான் ஜாமீனில் எடுத்தார்.

பசியைவிட மோசம் இன்னொன்று. வான் வ்லீட் ஒருவரைக் குறிவைத்து எல்லோரையும் அவர் மேல் திருப்பிவிடுவார். உட்காரவைத்து மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், நீ துரோகி, நீ இசையைக் கெடுக்கிறாய் என்று அந்த ஆள் உடைந்து அழும்வரை. அதற்கு அந்த வீட்டில் ஒரு பெயரே இருந்தது, 'பீப்பாய்க்குள் போடுவது'. இன்றைக்கு நீ, நாளைக்கு நான். அடிதடியும் உண்டு. அந்தப் பதற்றம்தான் இசையில் கேட்கிறது என்று சிலர் ரசித்துச் சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஃபிரெஞ்ச் வெளியேறிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் பதிவான பிறகு ஒரு நாள் வான் வ்லீட் அவரிடம் டிரம்ஸில் 'ஒரு ஸ்ட்ராபெரியை வாசி' என்றார். அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் வான் வ்லீட் அவரைப் படிக்கட்டிலிருந்து கீழே தள்ளிவிட்டார் என்று ஃபிரெஞ்சே சொல்லியிருக்கிறார். வேறொருவரை டிரம்ஸில் உட்காரவைத்தார்கள். அவர் வெளியே போய்விட்டதால் உறையில் பெயரும் போய்விட்டது. எட்டு மாத உழைப்பை அழிக்க அவ்வளவுதான் தேவைப்பட்டது.

சிற்பி74:

பாலைக்காற்று சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை, நடந்தது கொடுமைதான். ஆனால் குமரனின் கட்சியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை.

அந்தச் சொற்றொடர்கள் யார் விரலிலிருந்து வந்தன? பியானோ முறையாகப் படித்த ஒருவருக்கு அந்த வடிவங்கள் தோன்றவே தோன்றாது, கை தன்னால் பழகிய ஸ்கேலுக்குப் போய்விடும். வான் வ்லீட் அடிப்படையில் சிற்பி, சின்ன வயதிலேயே களிமண்ணில் மிருகங்கள் செய்து பெயர் வாங்கியவர், பின்னால் 1982-க்குப் பிறகு இசையையே விட்டுவிட்டு 2010-ல் சாகும்வரை ஓவியராகவே இருந்தவர். பியானோவையும் களிமண் மாதிரிதான் தொட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். சொற்களும் முழுக்க அவருடையவை. 'டாக்கௌ ப்ளூஸ்' வதைமுகாமைப் பற்றியது, 'வெட்டரன்ஸ் டே பாப்பி' போரில் செத்தவர்களுக்காக ஒரு பூ வாங்கினால் போதுமா என்று கேட்பது, 'ஆரஞ்ச் க்ளா ஹேமர்' வாத்தியமே இல்லாமல் ஒரு கிழட்டு மாலுமியின் குரலில் வருவது. இதையெல்லாம் வேறு யார் எழுதியிருக்க முடியும்?

ஒரு கவிஞர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினால் கவிதை யாருடையது? ஃபிரெஞ்ச் எழுதிய தாள் இல்லையென்றால் ஆல்பம் இல்லை, உண்மை. வான் வ்லீட் இல்லையென்றால் அந்தத் தாளில் எழுதவே ஒன்றும் இல்லை.

கீபோர்டு_சேகர்:

சிற்பி சார், கவிதை உதாரணம் இங்கே பொருந்தாது. நான் இருபத்திரண்டு வருடம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன், கொஞ்ச நாள் பாட்டுப் பதிவுகளுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தும் பிழைத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒருவர் ஹம்மிங்கில் ஒரு மெட்டைப் பாடுவார், 'இந்த மாதிரி' என்பார். அடுத்த தடவை பாடும்போது அது வேறு மாதிரி இருக்கும். எதை எடுப்பது? இழுத்தாரே, அது ஒன்றரை எண்ணிக்கையா, ஒன்றே முக்காலா? மூச்சு வாங்கினாரா, இல்லை அது இடைவெளியா? எழுதுகிற ஆள் முடிவு செய்கிற வரைக்கும் அது ஒரு சத்தம், முடிவு செய்த பிறகுதான் இசை. இந்த முடிவு ஒரு பக்கத்துக்கு நூறு வரும். எனக்கு அதற்குக் கிடைத்தது அன்றைய சம்பளம், பெயர் எங்கேயும் வந்ததில்லை. எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு, என் கண் முன்னாலேயே 'நான் நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன்' என்று இன்னொருவரிடம் சொன்ன ஆளையும் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம், விடுங்கள்.

வான் வ்லீட் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. பியானோவில் பத்து விரல், கிதாரில் ஆறு கம்பி. அவர் அமுக்கியதை அப்படியே கிதாரில் பிடிக்கவே முடியாத இடங்கள் உண்டு. எந்த ஸ்வரத்தை விடுவது, எதை வேறு கம்பிக்கு மாற்றுவது, விரலை எங்கே நீட்டுவது என்று ஹார்க்ல்ரோடும் காட்டனும் மல்லுக்கட்டித்தான் அந்த ஒலி வந்தது. உலோக விரல்முனைகளை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிய்க்கிற அந்தக் கூர்மையான சத்தம் பியானோவில் கிடையவே கிடையாது. இந்த ஆல்பத்தின் முகமே அதுதான்.

சிற்பி74:

சேகர் அண்ணா, நீங்கள் சொல்கிற 'ஒன்றரையா ஒன்றே முக்காலா' என்கிற இடம் எனக்குத் தோன்றவே இல்லை. யோசிக்க வைத்துவிட்டீர்கள். வான் வ்லீட்தான் ஊற்று என்பதை மட்டும் நான் விடமாட்டேன், ஃபிரெஞ்சே அதை மறுத்ததில்லை.

வினைல்குமரன்:

சிற்பி, ஊற்று அவர்தான் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. என் கோபம் அவர் சொன்ன கதையின் மேல். 28 டிராக்கையும் பியானோவில் உட்கார்ந்து எட்டரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன், அந்தப் பையன்களுக்கு வாத்தியமே நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார், பத்திரிகைக்காரர்கள் பல வருடம் அதை நம்பி எழுதினார்கள். ஹார்க்ல்ரோட் லங்காஸ்டர் பக்கத்தில் ஏற்கனவே குழுக்களில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர். ஃபிரெஞ்ச் முதல் ஆல்பத்திலிருந்தே டிரம்ஸில் இருந்தவர். கதை அழகாக இருந்தது என்பதால் இவர்களை யாரும் போய்க் கேட்கவில்லை.

பதிவைப் பற்றியும் எழுதுகிறேன் என்று நினைத்தேன், எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

ஸாப்பாவுக்கு முதலில் வேறு ஒரு யோசனை இருந்தது. நாட்டார் இசை சேகரிக்கப் போகிறவர்கள் மாதிரி வீட்டுக்கே கருவியைக் கொண்டுபோய், ஒவ்வொருவரும் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே வைத்துப் பதிவு செய்யலாம் என்று நினைத்தார். ஒலிப்பதிவாளர் டிக் குன்ஸ் கையில் எடுத்துப்போகிற ஊஹர் டேப் ரெக்கார்டரோடு வந்தார், சிலவற்றை அப்படி எடுக்கவும் செய்தார்கள். 'ஹேர் பை: பேக் ஒன்'னில் வான் வ்லீட்டும் ஹேடனும் வெளியே தோட்டத்தில் நின்று ஊதுகிறார்கள், குழு உள்ளே வாசிக்கிறது, கடைசியில் அந்தப் பக்கம் வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பேசுவதும் பதிவாகியிருக்கிறது. பிறகு வான் வ்லீட்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஸாப்பா வீட்டில் எடுக்கிறார் என்று. ஸ்டுடியோ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

1969 மார்ச், க்ளெண்டேலில் விட்னி ஸ்டுடியோ. எட்டு மாதம் பசியோடு பாடம் பண்ணிய பையன்கள் போய் உட்கார்ந்து ஏறக்குறைய இருபது பாட்டின் வாத்தியப் பகுதியையும் ஆறு மணி நேரத்தில் வாசித்து முடித்துவிட்டார்கள். பெரும்பாலும் ஒரே டேக். ஆறு மணி நேரம்! இன்றைக்கு ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் மைக் வைக்கவே அவ்வளவு நேரம் ஆகிறது. எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று சேராத இந்த இசையை அப்படி வாசிக்க வேண்டுமென்றால் அது உடம்பில் எவ்வளவு ஊறியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டுக் குரல் அதற்கு நேரெதிர். வான் வ்லீட் ஹெட்ஃபோன் போட மறுத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூமிலிருந்து கசிந்து வருகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பாடினார். அதனால்தான் குரல் பல இடங்களில் முந்தியும் பிந்தியும் மிதக்கிறது. கீழே ஒரு அணு பிசகாத வாத்தியம், மேலே கயிறு கட்டாத குரல்.

நள்ளிரவு_ரேடியோ:

'தி ப்ளிம்ப்' எடுத்த விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸாப்பா ஸ்டுடியோவில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன் வருகிறது, வான் வ்லீட் எழுதிய ஒரு கவிதையை ஜெஃப் காட்டன் மூச்சுவிடாமல் போனில் வாசிக்கிறார். ஸாப்பா அதை அப்படியே பதிவு செய்து, தன் மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவின் வாத்திய டேப்பின் மேல் வைத்துவிட்டார். அந்தப் பாட்டில் கேட்கிற கரகரப்பு உண்மையான டெலிபோன் கரகரப்பு.

ஈஸ்டர் விஷயமும் எனக்குப் பிடிக்கும். ஸாப்பா சொன்னது இது: எடிட்டிங் எல்லாம் முடிந்தது ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் போன் போட்டு ஆல்பம் முடிந்துவிட்டது என்றாராம். சர்ச்சுக்குப் போகிற மாதிரி எல்லோரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்கள், ரொம்பப் பிடித்திருந்தது என்றார்கள். பின்னால் வான் வ்லீட் ஸாப்பாவைத் திட்டாத பேட்டி குறைவு. அந்த ஒரு காலை மட்டும் எல்லோரும் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள்.

மீனா_டிரம்ஸ்:

அட்டைப்படத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? பெயரில் ட்ரவுட் இருந்தாலும் முகத்தின் முன்னால் பிடித்திருப்பது கெண்டை மீன் தலை. கலை இயக்குநர் கால் ஷெங்கல் மீன் மார்க்கெட்டில் நிஜமாகவே வாங்கி வந்து உள்ளே குடைந்து கொடுத்தார். விளக்குச் சூட்டில் அந்த நாற்றத்தோடு வான் வ்லீட் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பியின் மேல் ஒரு இறகுப்பந்து.

கோபி_எல்பி:

இவ்வளவு சொல்லிவிட்டீர்கள், நன்றி. வெளிவந்தபோது விற்றதா? இங்கிலாந்தில்தான் ஓடியது என்று கேள்விப்பட்டேன்.

நள்ளிரவு_ரேடியோ:

ஆமாம், பிரிட்டனில் 21-ஆம் இடம் வரை போனது, முக்கியக் காரணம் பிபிசியில் ஜான் பீல் அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. அமெரிக்காவில் அப்போது சீந்துவார் இல்லை. கேட்டவர்கள் குறைவுதான், ஆனால் டாம் வெய்ட்ஸ், பி.ஜே. ஹார்வி என்று பல பாடகர்கள் வான் வ்லீட்டின் ஒலியை எடுத்துக்கொண்டு வேறு எங்கேயோ போனார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய பதிவுகளின் 2010-ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

பாலைக்காற்று:

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2003-ல் மேஜிக் பேண்ட் மறுபடி கூடியது, வான் வ்லீட் இல்லாமல். ஃபிரெஞ்சும் பாஸ்டனும் இருந்தார்கள். பாடியவர் யார் தெரியுமா? ஜான் ஃபிரெஞ்ச். டிரம்ஸிலிருந்து எழுந்து வந்து மைக் முன்னால் நின்று அந்தப் பாடல்களைப் பாடினார். தன்னைப் படிக்கட்டில் தள்ளிய மனிதரின் வரிகளை, அதே அடித்தொண்டையில். இவ்வளவு நடந்தும் அவர் 1970-ல் அடுத்த ஆல்பத்துக்குத் திரும்பிப் போய் டிரம்ஸ் வாசித்தவர். அந்த இசையை விட அவருக்கு மனசு வரவில்லை. அதில் பாதி தன்னுடையது என்று அவருக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கோபி_எல்பி:

சரி, எங்கிருந்து தொடங்குவது? முழுசாக 28-ஐயும் கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

ஏழாம்தாளம்:

முதலில் 'டாலிஸ் கார்'. குரல் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, இரண்டு கிதார் மட்டும், ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அப்புறம் 'மூன்லைட் ஆன் வெர்மான்ட்', அது 1968-லேயே பதிவானது என்பதால் பழைய ராக் வாடை இருக்கும், பிடி கிடைக்கும். அதன் பிறகு 'ஃபிரௌன்லேண்ட்'டுக்குத் திரும்பி வாருங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம்.

கோபி_எல்பி:

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல் 'டாலிஸ் கார்' ஏழு தடவை கேட்டேன். முதல் மூன்று தடவை ஒன்றும் ஆகவில்லை. நாலாவது தடவை ஒரு கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன், நீங்கள் சொன்ன மாதிரி. ஐந்தாவது தடவை இன்னொன்று. ஆறாவது தடவை இரண்டையும் சேர்த்துக் கேட்டபோதுதான் பிடிபட்டது, இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் நடக்கின்றன, ஸ்வரம்தான் ஒன்றோடொன்று உரசுகிறது, கால் உரசவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்திருப்பார்கள் என்று தோன்றியது. அந்த வீடு, அந்த பீன்ஸ் கோப்பை எல்லாம் கண்ணில் வந்தது. ஏழாவது தடவை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

இன்றைக்கு 'ஃபிரௌன்லேண்ட்', டிரம்ஸை மட்டும்.